பாப்பிகாக் கர்னலின் வீடு

என் பெரியப்பா பட்டாளத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. தெருவில் டயர் வெடித்தாலே தோளைக் குறுக்கிக்கொள்கிற ஆள். ஆனாலும் ஊரில் பாதிப் பேருக்கு அவர் கர்னல்தான். தபால்காரர் "கர்னல் சார்" என்று கூப்பிட்டுத்தான் தபாலை நீட்டுவார். பல் வலி என்று போனால், வாயைத் திறந்து சாய்ந்திருப்பவரிடம், "ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லிடுங்க கர்னல், அப்புறம் ஊசி போடறேன்" என்று பல் டாக்டர் கெஞ்சுவாராம்.

அந்த வார்த்தை, பாப்பிகாக்.

பெரியப்பா வானொலி நிலையத்தில் நாடகக் கலைஞர். திருடன், நீதிபதி, மாமனார், பேசும் கரடி என்று எல்லாம் செய்து பார்த்தவருக்கு நடுவயதில் வந்து வாய்த்தது கர்னல் வேஷம். வாரத்துக்கு ஒரு நாள் வரும் நகைச்சுவைத் தொடர் அது. ஓய்வுபெற்ற ஒரு கர்னல். வெள்ளைக்கார அதிகாரிகளோடு பழகி அவர்களுடைய தாத்தா காலத்து ஆங்கிலத்தை நாக்கில் ஒட்டவைத்துக்கொண்டு வந்தவர். வீட்டுக்கு வருகிறவர்கள் ஜோசியம், வதந்தி, புது மருந்து, பேய்க்கதை என்று எதையாவது அளந்துவிடுவார்கள். கர்னல் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே சொல்லில் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்.

நாடகம் எழுதியவர் அந்தச் சொற்களை ஒரு தடித்த அகராதியிலிருந்து பொறுக்கி எடுத்தார். பாப்பிகாக், பால்டர்டேஷ், ஃபிடில்ஸ்டிக்ஸ், ஹம்பக், டாமிராட். எல்லாமே "சுத்தப் பேத்தல்" என்பதற்கான சொற்கள்தான். ஆங்கிலம் பேசுகிறவர்களே இப்போது அவற்றைக் கிண்டலுக்குத்தான் சொல்கிறார்களாம். பால்டர்டேஷ் என்பது ஒரு காலத்தில் கண்டதையும் கலந்த சாராயக் கலவைக்குப் பெயர், ஃபிடில்ஸ்டிக்ஸ் வெறும் பிடில் வாசிக்கிற குச்சி, பாப்பிகாக்குக்கு மூலம் "இளகின சாணி" என்று ஒரு கதை உண்டு. இதைக் கேட்ட பெரியப்பா, "இத்தனை வருஷமா வாய்க்குள்ள என்னத்தை வெச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாரு" என்று வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"தமிழ்ல இல்லாததா? பேத்தல், உளறல், கப்ஸா, புருடான்னு கொட்டிக் கிடக்கே?" என்று நிலையத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள். எழுதியவர் சொன்னாராம்: "பேத்தல்னு சொன்னா எதிராளிக்குக் கோபம் வரும். பாப்பிகாக்னா சிரிப்பு வரும். ஆனா ரெண்டுலயும் அவன் வாயை மூடிக்குவான்."

தொடர் ஊரையே பிடித்துக்கொண்டது. சீட்டுத் தொலைந்துவிட்டது என்கிற பயணியிடம் கண்டக்டர் "பால்டர்டேஷ்!" என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்ட ஒரு கிழவர் "ஹம்பக்!" என்று முணுமுணுத்துச் சம்பந்தமே நின்றுபோனதாகக்கூட ஒரு பேச்சு.

நிலையத்துக்கு நானும் போயிருக்கிறேன். சத்தத்தை விழுங்கும் துணி ஒட்டிய சுவர்கள். திறந்து மூடும் சத்தத்துக்காகவே சட்டத்தில் மாட்டி வைத்த ஒரு குட்டிக் கதவு. காலடி ஓசைக்குச் சரளைக்கல் நிரப்பிய தட்டு. பெரியப்பா மைக்கின் முன்னால் நின்று, அந்த வார்த்தை வரும்போது மட்டும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். நேராகச் சொன்னால் 'பா' என்கிற எழுத்தின் காற்று மைக்கில் மோதி வெடிக்குமாம். வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. யாரைப் பார்த்துச் சொல்கிறாரோ அவரைப் பார்க்காமல்தான் சொல்வார்.

பெரியம்மா தையல்காரி. வாசல் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொடுப்பாள். பெரியப்பா வெளியே போட்ட கூச்சலுக்கெல்லாம் சேர்த்து அவள் வீட்டில் அமைதியாக இருந்தாள் என்று அப்பா சொல்வார். ஆனால் சிரித்தால் மெஷினை நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். கர்னல் குரலில் பெரியப்பா எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புத்தான்.

முதல் தடவையும் அப்படித்தான் சிரித்தாளாம். ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்த நேரம். பெரியப்பா வசனத் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். கூடத்தைப் பார்த்தபடி நின்ற பெரியம்மா சொன்னாள்:

"ஏங்க, யாரையாவது வரச் சொல்லியிருந்தீங்களா?"

"இல்லையே, ஏன்?"

"ஜன்னல் பக்கத்து நாற்காலியில ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. நீளத் தொப்பி. கோட்டுல ஒவ்வொரு பொத்தானும் அப்படித் தெளிவாத் தெரியுது. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறாரு."

பெரியப்பா எட்டிப் பார்த்தார். நாற்காலி காலியாக இருந்தது. உடனே மார்பை நிமிர்த்தி, முகத்தைத் திருப்பி, "பாப்பிகாக், மேடம்!" என்றார். பெரியம்மா சிரித்துவிட்டாள். இன்னொரு தடவை பார்த்தாள். "இப்ப இல்ல" என்றாள். அத்தோடு போனது.

சில வாரம் கழித்து மாடிப்படியில் குள்ளக் குள்ளமான ஆட்கள் வரிசையாக இறங்குகிறார்கள் என்றாள். "பால்டர்டேஷ்!" என்றார். அன்றைக்கு அவள் பாதிதான் சிரித்தாள்.

மூன்றாவது முறை அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி தைத்த சட்டை. "ஏங்க, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்குச் சின்னப் பிள்ளைங்க தெரியுது. கதவோரத்துல. முகமெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

பெரியப்பா மேஜையில் ஓங்கி அறைந்தார். ஊசிப் பெட்டி கீழே விழுந்து சிதறியது. "ஃபிடில்ஸ்டிக்ஸ்!" என்றார். அது கர்னல் குரல் இல்லை. அவருடைய சொந்தக் குரல்.

பெரியம்மா குனிந்து தரையைத் தடவித் தடவி ஊசிகளைப் பொறுக்கினாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பெரியப்பாவுக்கு நிம்மதி. ஆனால் சில நாள்தான். பெரியம்மா நடைவழியில் போகும்போது திடீரென்று நின்று, சுவரோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்தார். எதிரே வருகிற யாருக்கோ வழிவிடுவது போல. சற்று நின்றுவிட்டுப் போவாள். சோபாவில் உட்காருவதற்கு முன்னால் கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பாள். ஜன்னலோர நாற்காலியில் துவைத்த துணியை மலை மாதிரிக் குவித்து வைத்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

"பார்த்தவ அவ. பயந்தவன் நான்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். "அவளுக்குத் தொப்பியும் பொத்தானும் தெரிஞ்சுது. எனக்கு ஒண்ணுமே தெரியாது. தெரியாததாலதான் என் மனசுல வந்ததெல்லாம் இன்னும் மோசமா வந்துது."

வீட்டில் தனியாக இருக்க நேர்ந்தால் வானொலியை அலறவிட்டுக்கொள்வார். நடைவழியைக் கடக்கத் தயங்கி, கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போவார். பட்டப்பகலில், சொந்த வீட்டில். அவள் சுவரோடு ஒட்டி நிற்கிற இடத்தில் காற்று கொஞ்சம் சில்லென்று இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்திருக்கிறார். சில்லென்றுதான் இருந்ததாம்.

அந்தச் சமயத்தில்தான் தொடருக்கு ஒரு பேய் பங்களாக் கதை எழுதப்பட்டது. பங்களாவில் யாரோ நடமாடுகிறார்கள் என்று வேலைக்காரி அழுவாள். கர்னல், "இந்த வீட்ல நம்ம ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்ல. பாப்பிகாக்!" என்று சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தது. குட்டிக் கதவு கிரீச்சிட்டது. தட்டில் சரளைக்கல் நொறுங்கியது. பெரியப்பா, "இந்த வீட்ல நம்ம ரெண்டு பேரைத் தவிர" என்று சொன்னார். அதற்கு மேல் வரவில்லை.

"என்ன கர்னல், தொண்டை கட்டிக்கிச்சா?" என்று இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"இன்னொரு தடவை போலாம்."

இன்னொரு தடவையும் அங்கேயே நின்றது. மூன்றாவது தடவை 'பா' மட்டும் வந்தது. முகத்தைத் திருப்ப மறந்துவிட்டார், மைக் வெடித்தது. இயக்குநர் காதிலிருந்து கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே வந்து தோளைத் தொட்டார். "வீட்டுக்குப் போங்கண்ணே. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷின் முன்னால் போய் நின்றார்.

"உனக்கு இப்பவும் ஏதாவது தெரியுதா?"

பெரியம்மா மெஷினை நிறுத்தவில்லை. "என்ன தெரியுது?"

"முன்ன சொல்வியே. ஆளுங்க."

"அதெல்லாம் பேத்தல்னு நீங்கதானே சொன்னீங்க. விடுங்க. டீ போடட்டுமா?"

எழுந்து போனாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சமையலறை வாசலில் அவள் கொஞ்சம் ஒதுங்கி, யாரையோ போகவிட்டு, அப்புறம்தான் உள்ளே நுழைந்தாள்.

விஷயம் வெளியே வந்தது ஒரு சட்டைக் கையால். பெரியம்மா தைத்த சீருடையில் இடது கை வலது பக்கமும், வலது கை இடது பக்கமும் இருந்தது. தைக்கக் கொடுத்த அம்மாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டபோது நான் அங்கே இருந்தேன். முப்பது வருஷமாகத் தைக்கிறவளுக்குச் சட்டைக் கை மாறுமா? அவள் முகத்தைக் கவனித்தேன். என்னோடு பேசும்போது என் காதைப் பார்த்துப் பேசினாள். நேராகப் பார்த்தால் என் முகம் தெரியவில்லை, பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரிகிறது என்று மெள்ள மெள்ளப் பிடுங்கி எடுத்தேன்.

"எப்பலேருந்து பெரியம்மா?"

"ஒரு வருஷம் இருக்கும். வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு இருவரையும் அழைத்துப் போனேன். இளவயது லேடி டாக்டர். சொட்டு மருந்து விட்டு, கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் பெரியம்மாவின் எதிரில் உட்கார்ந்து, சர்க்கரை இருக்கிறதா, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று கேட்கிற அதே தொனியில் கேட்டாள்:

"வீட்ல இல்லாத ஆளுங்க யாராவது உங்களுக்குத் தெரியறாங்களாம்மா?"

பெரியப்பா கையில் வைத்திருந்த குடை கீழே விழுந்தது.

பெரியம்மா தலையைச் சாய்த்து அவர் இருந்த திசையைப் பார்த்தாள். கண்ணின் ஓரத்தால் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, மார்பை நிமிர்த்தி, அச்சு அசல் கர்னல் குரலில் சொன்னாள்: "பாப்பிகாக், டாக்டர்!"

டாக்டர் சிரித்துவிட்டாள். அவளும் தொடரைக் கேட்டு வளர்ந்தவள். எனக்கும் சிரிப்பு வந்தது. பெரியப்பாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"தெரியறாங்க டாக்டர்" என்றார். "ஒரு வருஷமாத் தெரியறாங்க. நான்தான் சொல்ல விடல."

டாக்டர் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக விளக்கினாள். பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. கண் அனுப்பாத இடத்தை மூளை தானாகவே படம் வரைந்து நிரப்பிக்கொள்கிறது. சிலருக்கு மனிதர்கள், சிலருக்குப் பூக்கள், சிலருக்கு வெறும் கட்டம் கட்டமாக. புத்திக்கு எந்தக் கோளாறும் இல்லை. நாளாக ஆகத் தானாகவே குறைந்துபோகும். "நிறையப் பேர் வெளியில சொல்றதே இல்லம்மா. என்ன நினைப்பாங்களோன்னு உள்ளுக்குள்ளயே வெச்சுக்கறாங்க."

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையா?"

"இல்லவே இல்ல."

"எங்கயாவது கொண்டு போய்ச் சேர்த்துட மாட்டாங்களே?"

"யாரும்மா சேர்ப்பா?"

பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. போன பார்வை திரும்பாது என்று டாக்டர் அடுத்துச் சொன்னதை அவள் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "சொல்லு. யார் யாரு, எங்கெங்க?"

அவள் சொன்னாள். தொப்பிக்காரர் இப்போது வருவதில்லை. நடைவழியில் ஒரு குண்டுப் பெண்மணி கையில் ஏதோ மூட்டையோடு போய்க்கொண்டே இருப்பாள், வழிவிடாவிட்டால் இடித்துவிடுவது போல வருவாள். குள்ள ஆட்களுக்கு நல்ல உடுப்பு. தையல் பிரமாதம், அப்படியொரு கழுத்துப் பட்டி அவளுக்கே தைக்க வராது. யாரும் பேசுவதில்லை. யாரும் இவளைப் பார்ப்பதும் இல்லை.

"பயமா இல்லையா?"

"முதல்ல இருந்துது. அப்புறம் இவங்க பாட்டுக்கு இவங்க வேலையைப் பார்க்கறாங்கன்னு விட்டுட்டேன். ஒரே ஒரு வருத்தம்தான்."

"என்ன?"

"எல்லாம் முன்ன பின்ன தெரியாத முகம். தெரிஞ்சவங்க ஒருத்தர்கூட வரல. அன்னிக்குச் சின்னப் பிள்ளைங்க தெரிஞ்சாங்கல்ல? நம்ம பாப்பா இருக்காளான்னு ஒவ்வொரு முகமாத் தேடினேன். இல்ல."

அவர்களுக்கு ஒரு பெண் இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே, ஆறு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். இந்த விஷயம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறப்பதில்லை. துக்கம் கேட்க வந்த ஒருவர், "உங்க வயித்துலயே மறுபடி வந்து பிறப்பா பாருங்க" என்று ஆறுதல் சொல்ல, பெரியப்பா அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டாராம். கர்னல் வேஷம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். அந்தச் சொற்கள் கிடைத்த பிறகு யாரையும் தள்ள வேண்டிய தேவை இருக்கவில்லை.

மேஜையில் ஓங்கி அறைந்த அன்றைக்கு அவர் பயந்ததும் அதற்குத்தான். அவள் பாப்பாவைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று.

பெரியப்பா வேஷத்தை விட்டுவிட்டார். வேறொருவர் கர்னலாக நடித்தார். எடுபடவில்லை, தொடர் நின்றது. வீட்டில் சமையலைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டார். அவர் வைத்ததையெல்லாம் பெரியம்மா வாய் திறக்காமல் சாப்பிட்டாள். அதுவே பெரிய அன்பு.

இரண்டு வருஷத்தில் அவளுக்கு வெளிச்சம், இருட்டு தவிர வேறெதுவும் தெரியாமல் போயிற்று. டாக்டர் சொன்னபடி அந்த ஆட்களும் ஒவ்வொருவராகக் குறைந்து, ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டார்கள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தோம். "எல்லாரும் போயிட்டாங்க. வீடு வெறிச்சுன்னு கிடக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் நான் போனபோது உள்ளே பெரியப்பாவின் குரல் கேட்டது. கம்மலான, நிதானமான குரல். வானொலியில்கூட அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாசல் அறையிலேயே நின்றுவிட்டேன்.

"மாடிப்படியில மூணு பேர் இறங்கறாங்க. முன்னால வர்றவன் கையில ஒரு விளக்கு. பகல்ல எதுக்கு விளக்குன்னு தெரியல."

"என்ன உடுப்பு?"

"பச்சை. கைப்பக்கம் சரிகை. பின்னால வர்றவனுக்குச் சட்டை கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு."

"அளவு எடுக்காம தைச்சிருப்பாங்க. வேற யாரு?"

பெரியப்பா நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. உள்ளே போகலாமா என்று நான் யோசித்தபோது சொன்னார்:

"கதவோரத்துல ஒரு பொண்ணு நிக்கறா."

பெரியம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

"எவ்ளோ உசரம்?"

"உன் உசரம். இல்ல, உன்னை விடக் கொஞ்சம் கூட."

"தலை பின்னியிருக்காளா?"

"இல்ல. கழுத்தோட வெட்டி விட்டிருக்கா."

"நான் வெட்ட விட்டிருக்க மாட்டேன்."

"உன்னை எங்க கேட்டா?"

பெரியம்மா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சிரிப்பு இல்லை, மூச்சு மாதிரி ஒரு சிரிப்பு. "நிக்க வெச்சே பேசறீங்களே. உட்காரச் சொல்லுங்க" என்றாள். சோபா கிரீச்சிட்டது. அவள் நகர்ந்து இடம் விடுகிறாள் என்று புரிந்தது. நான் ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் தினமும் மத்தியானம் அப்படித்தான் போயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது, பல்லில் வலி வந்தது, யாரையோ பிடிக்காமல் போனது என்று எல்லாவற்றையும் பெரியம்மா எனக்கே போனில் சொல்வாள். உண்மை எது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். "உங்க பெரியப்பா இன்னிக்கு நல்லாச் சொன்னாரு" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பாள்.

அடுத்த குளிர்காலத்தில் பெரியம்மா இறந்துபோனாள். தூக்கத்தில், சிரமப்படாமல்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியப்பாவை என்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டேன். தனியாக எப்படி இருப்பார்?

"எப்படிம்மா விட்டுட்டு வர்றது?" என்றார்.

"பூட்டிப் போட்டுக்கலாம் பெரியப்பா. இல்லன்னா வாடகைக்கு விட்டுடலாம்."

"நான் வீட்டைச் சொல்லல."

நடிக்கிற குரல் இல்லை அது. அவருக்கும் பெரியம்மாவுக்கு வந்த கோளாறு வந்திருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டு, கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, வெகுநேரம் பார்த்தாள். இரண்டு கண்ணும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கின்றன, அவர் வயதுக்கு இவ்வளவு நல்ல பார்வையைப் பார்ப்பதே அபூர்வம் என்றாள்.

பெரியப்பா, அது எனக்குத் தெரியுமே என்பது போலத் தலையாட்டினார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது வெயில் இறங்கியிருந்தது. சாவியைக் கையில் எடுத்தவர் பூட்டைத் திறப்பதற்கு முன்னால், கதவை ஒரு தடவை லேசாகத் தட்டினார்.